ஐந்து மிளகாய்

முஞ்சார், 3 மார்ச்

ரெங்கானிஸ் அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கதையின் போன அத்தியாயத்துக்கு அடியில் சளி என்று எழுதியிருந்தீர்கள். விட்டதா?

நான் முதலில் கவனித்தது அந்தச் செருப்பைத்தான். ஒன்பதாம் அத்தியாயத்தில், பாகாஸ் கடலுக்குப் போன மூன்றாம் நாள், அவன் மனைவி கினாந்தி வாசற்படியில் கிடந்த அவன் செருப்பை எடுத்துத் துடைத்து உள்ளே வைக்கிறாள். இரண்டே வரி. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

"அந்தச் செருப்பை அவள் தொடவே மாட்டாள்" என்று கதைக்குக் கீழே எழுதியது நான்தான். நீங்கள் எழுதும் தளத்தில் என் பெயர் கல்லுப்பு. உங்கள் கதையின் தலையில் நீங்கள் ஒரே ஒரு மிளகாய்ப் படம் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. ஒன்று என்றால் பாராட்டு மட்டும், ஐந்து என்றால் எல்லாக் குறையும் சொல்லலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் போனில் மேல் மூலை உடைந்திருக்கிறது. மிளகாய் வருவது சரியாக அந்த இடத்தில். "பெரிய இவ வந்துட்டா", "முடிஞ்சா நீ எழுதிக் காட்டு", "உப்பு கூடிப்போச்சு, தண்ணி ஊத்துங்கப்பா" என்று நாற்பத்திரண்டு பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதியதை அழித்துவிட்டேன்.

தொலைக்காட்சித் தொடரில் பாகாஸைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். அதற்கு நீங்கள் எழுதும் தொடர்ச்சியில்தான் அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருக்கிறது. அதனால்தான் சொன்னேன். படகுக்கு வெறுங்காலோடு போவார்கள். செருப்பு படியில் இருந்தால் அவர் வரவேண்டியவர். உள்ளே எடுத்து வைத்தால், இனி வரவேண்டாம் என்று நாமே சொன்னது போல ஆகிவிடும்.

மன்னித்துக்கொள்ளுங்கள். வெந்நீர் குடியுங்கள்.
லைலி


பாண்டுங், 5 மார்ச்

லைலிக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். சளி விட்டது, இருமல் விடவில்லை. நீ நலமா? வீட்டில் எல்லாரும் நலமா?

நான் எழுதுவது கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரத்தில். உன் வரியைப் படித்த அன்று ஒரு பெரியவருக்கு வேறு யாருடைய மூக்குக்கண்ணாடியையோ மாட்டிவிட்டேன். அவர் "உலகமே நல்லாத் தெரியுதேம்மா" என்று கிளம்பிப் போய்விட்டார். அவ்வளவு கோபம் எனக்கு. அந்த நாற்பத்திரண்டு பேரை நான் ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என் பக்கம் பேசுகிறார்களே என்று சுகமாக இருந்தது. மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும்.

நான் கடலைப் பார்த்தது மூன்று தடவை, மூன்றும் பள்ளிச் சுற்றுலா. செருப்பை மறுபடி படிக்கே கொண்டுவந்துவிட்டேன். இப்போது போய்ப் படி.

வேறு ஏதாவது இருந்தால் இந்தத் தனி அஞ்சலில் எழுது. வெளியே ஒரு மிளகாய்தான். அதற்கு மேல் போட எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு மட்டும் ஐந்து.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ரெங்கானிஸ்


முஞ்சார், 19 மார்ச்

அக்காவுக்கு, ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? இருமலோடு நோன்பு பிடிக்கிறீர்களா? இங்கே நாங்கள் நலம்.

பதினோராம் அத்தியாயம். முழு நிலவு வெளிச்சத்தில் நூறு படகுகள் கிளம்புகின்றன, கினாந்தி கையசைக்கிறாள். முழு நிலவில் யாரும் போக மாட்டார்கள் அக்கா. மீன் விளக்குக்கு வரவேண்டுமென்றால் இருட்டு வேண்டும். நிலா பெருத்தால் ஆண்கள் எல்லாரும் கரையில்தான். வலை தைப்பார்கள், உறங்குவார்கள், ஒரு காரணமும் இல்லாமல் சண்டை போடுவார்கள்.

இன்னொன்று. கினாந்தி அழுதுகொண்டே இருக்கிறாள். அழக்கூடாது.

நானும் அம்மாவும் மீன் அவிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறோம். மத்தியைத் தலை கிள்ளி, உப்புத் தண்ணீரில் அவித்து, மூங்கில் கூடையில் அடுக்க வேண்டும். தினமும் அரைமணி எனக்கு அடுக்கும் வேலை கிடையாது. உங்கள் கதையைச் சத்தமாகப் படிக்கிற வேலை. நான் வெளியே அதிகம் பேச மாட்டேன், படிக்கும்போது மட்டும் குரல் வரும். பக்கத்துப் பலகையில் இருக்கும் ஹலிமா மாமி நேற்று, "ஏண்டி, இந்தக் கினாந்திக்கு வேலவெட்டியே இல்லையா? எப்பப் பாத்தாலும் அலையப் பாத்துக்கிட்டு நிக்குறா. இங்க வரச்சொல்லு, ரெண்டு கூடை அடுக்கட்டும்" என்றாள். அம்மா மட்டும், "சும்மா இருங்க. அவ காத்துக்கிட்டிருக்கா" என்றாள்.

அவ்வளவுதான். நோன்பு நல்லபடி நிறைவேறட்டும்.
லைலி


பாண்டுங், 24 மார்ச்

லைலிக்கு, ஸலாம். இருமல் போய்விட்டது. உன் அம்மாவுக்கும் ஹலிமா மாமிக்கும் என் ஸலாம் சொல்.

நிலவை அணைத்துவிட்டேன். கினாந்திக்குக் கருவாட்டுக் கடையில் வேலையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அழுகையை எடுக்க மாட்டேன். அவள் என் கினாந்தி, அழுவாள்.

உன்னிடமும் ஒரு குறை உண்டு. நீ கல்லை எடுத்து நேராக மண்டையில் போடுகிறாய். எது நன்றாக இருந்தது என்று முதலில் ஒரு வரி சொல்லு. பொய்யாக வேண்டாம், தேடிப் பார்த்துச் சொல்லு. அதற்குப் பிறகு வருகிற கல்லை என்னால் கையில் பிடிக்க முடிகிறது.

நீ எந்த வகுப்பு? இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? அந்தச் செருப்பு யாருடையது?

அன்புடன்
ரெங்கானிஸ்


முஞ்சார், 15 ஏப்ரல்

அக்காவுக்கு, பெருநாள் வாழ்த்து. தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் பதில் எழுதாததையும் சேர்த்து.

முதலில் நல்லது: எழுத்துப் பிழை இல்லை.

தேடிப் பார்த்தேன், இன்னொன்றும் கிடைத்தது. கருவாட்டுக் கடையில் கினாந்தி அன்றைய கூலியை வாங்காமலே போய்விட்டுப் பாதி வழியில் திரும்பி வருகிறாளே, அது. எங்கள் அம்மாவும் இப்போதெல்லாம் அப்படித்தான். பாதி தூரம் போய்த் திரும்புவாள்.

நான் எந்த வகுப்பும் இல்லை. எட்டாவதோடு நின்றுவிட்டேன். எனக்குப் பதினாறு வயது, நவம்பரில் பதினேழு. செருப்பு எங்கள் அப்பாவுடையது. அவர் கடலில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முழு நிலவு முடிந்து கிளம்பிய முதல் படகுகளில் ஒன்று அவருடையது. பலகைகூடக் கிடைக்கவில்லை.

அடுத்த அத்தியாயம் எப்போது? மாமி கேட்கச் சொன்னாள்.
லைலி


பாண்டுங், 20 ஏப்ரல்

லைலிக்கு, ஸலாம். உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். என்ன எழுதுவது என்று ஐந்து நாள் தெரியவில்லை. அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார்களா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். தப்பாக இருந்தால் திட்டு. பாகாஸ் திரும்பி வரவேண்டுமா? தளத்தில் எல்லாரும் அவனைக் கொண்டு வா, கொண்டு வா என்கிறார்கள். நான் இருபதாம் அத்தியாயத்துக்கு முன்னால் நிற்கிறேன், கை ஓடவில்லை. நீ சொல்வதைச் செய்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ரெங்கானிஸ்


பாண்டுங், 2 ஜூன்

லைலிக்கு, ஸலாம். ஆறு வாரம் ஆகிறது. காய்ச்சலா? போன் முழுதும் உடைந்துவிட்டதா? நான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தினமும் அஞ்சலைத் திறந்து மூடுகிறேன்.

நேற்று இருபதாம் அத்தியாயத்தைப் போட்டுவிட்டேன். அவன் வந்துவிட்டான். ஒரே நாளில் நாலாயிரம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். நீ போட்டாயா என்று தேடினேன்.

நலமாக இருக்கிறாய் என்று ஒரு வரியாவது எழுது.
ரெங்கானிஸ்


முஞ்சார், 11 ஜூன்

அக்காவுக்கு, ஸலாம். நலம். போனும் நலம்.

இருபதாம் அத்தியாயம். முதலில் நல்லது. பாகாஸ் படி ஏறுகிறான், செருப்பு வைத்த இடத்தில் இருக்கிறது, காலை நுழைத்ததும் தூசி எழும்புகிறது. இதை நான் சொல்லித் தரவில்லை, நீங்களே எழுதியது. நீங்கள் எழுதியதிலேயே இதுதான் மிக நன்றாக இருக்கிறது.

குறையும் அதுதான்.

கொட்டகையில் படித்தேன். அம்மா கையில் இருந்த மீனைக் கீழே வைத்தாள். "அந்த எடத்த இன்னொரு தடவ படி" என்றாள். நாலு தடவை படித்தேன். "பாத்தியா, வந்துட்டான்" என்றாள்.

மாமி, "கதடி அது" என்றாள்.

"எங்கயோ யாருக்கோ நடக்காமலா எழுதுறாங்க?"

அவர்கள் பாண்டுங்கில் கண்ணாடி விற்கிறார்கள் அம்மா, கடலை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்ல வந்தேன். சொல்லாமல் அடுத்த வரியைப் படித்தேன்.

அப்பாவுக்காக எந்த நாளிலும் நாங்கள் ஓதவில்லை அக்கா. இறந்தவர்களுக்கு ஓதும் ஏழாம் நாள், நாற்பது, நூறு எல்லாம் போய்விட்டது. ஆயிரமாவது நாள் மட்டும் மீதி. அதைத் தவறவிட்டால் வேறு நாள் இல்லை. நவம்பர் பதினாறு. நான் தனியாக எண்ணி வைத்திருக்கிறேன். போன வாரம் பெரியப்பா வந்து, "இந்த ஒண்ணையாவது ஓதிடலாம் தாயி, அவன் எங்க கெடக்கானோ, அவனுக்கும் ஒரு வழி வேணும்ல" என்றார். அம்மா பாதி சம்மதித்திருந்தாள். உங்கள் அத்தியாயத்துக்குப் பிறகு அவருக்கு ஆள் அனுப்பி, "உசுரோட இருக்கற மனுசனுக்கு யாருங்க ஓதுவாங்க" என்று சொல்லிவிட்டாள். நேற்று அப்பாவின் சட்டையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். காற்றில் கை இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை, வெளியே போனாலும் இருக்க முடியவில்லை.

நீங்கள் கேட்டபோது நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். வரட்டும் என்று எழுதி அழித்தேன். வரவேண்டாம் என்று எழுதியும் அழித்தேன்.

உங்கள் உடம்பு நலமா?
லைலி


பாண்டுங், 14 ஜூன்

லைலிக்கு, ஸலாம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

அத்தியாயத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்க நினைத்தேன். எடுத்தாலும் உன் அம்மா கேட்டது காதில் இருக்கும். ஒரு உண்மை சொல்கிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவன் வரமாட்டான் என்றுதான் எனக்கும் தோன்றியது. வரவழைத்தது பயம். அந்த நாற்பத்திரண்டு பேரும் அடுத்து என் பக்கம் திரும்பிவிடுவார்கள் என்ற பயம்.

என் கதையில் அவன் வந்துவிட்டான். இனி நான் என்ன செய்தாலும் அவன் வந்தவன்தான். அவன் வராத கதையை என்னால் எழுத முடியாது, எனக்குத் தெரியாது. "முடிஞ்சா நீ எழுதிக் காட்டு" என்று யாரோ உன்னிடம் சொன்னார்கள் அல்லவா. அவர்கள் கேலிக்குச் சொன்னதை நான் நிஜமாகச் சொல்கிறேன்.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. என்னைக் கோபித்துக்கொள்.
ரெங்கானிஸ்


முஞ்சார், 30 ஆகஸ்ட்

அக்காவுக்கு, ஸலாம். நலம், நலமறிய ஆவல்.

இத்துடன் ஒரு கதை. பதினாறு பக்கம். அவன் வராத கினாந்தி. கூடை அடுக்கும்போது மனதுக்குள் எழுதி, வீட்டுக்கு வந்து போனில் தட்டியது. இன்னும் தளத்தில் போடவில்லை. தலையில் ஐந்து மிளகாய் போட்டிருக்கிறேன். ஆறு போட இடமில்லை.

அனுப்பு என்பதை அழுத்திவிட்டு, போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடப்போகிறேன்.
லைலி


பாண்டுங், 4 செப்டம்பர்

லைலிக்கு, ஸலாம். முதலில் அரிசிப் பானையிலிருந்து போனை எடு.

நல்லது: சட்டை காயும் பக்கம். படித்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றேன். மாமியின் பேச்சு எல்லாமே. அதில் ஒரு சொல்லையும் தொடாதே.

குறை. கினாந்தி படியில் உட்கார்ந்திருக்கிறாள். பெரியவர் வருகிறார், போகிறார். மழை வருகிறது, போகிறது. அவள் அம்மா துவைக்கிறாள், காயப்போடுகிறாள், மடிக்கிறாள். கினாந்தி பதினாறு பக்கமும் செருப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். என் கினாந்திக்கு வேலைவெட்டி இல்லையா என்று உங்கள் கொட்டகை கேட்டது. நான் உன் கினாந்தியைக் கேட்கிறேன். அடுத்து அவள் என்ன செய்தாள்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு வார்த்தை பேசினாலும் போதும். எதுவும் செய்யாமல் கதையை மூடிவிட்டாய்.

இன்னொன்று. கதை முடிந்த பிறகும் நாலு வரி இருக்கிறது. காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்கு விளக்குகிறாய். வெட்டு. முடிந்த இடத்தில் வாயை மூடு.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுதும் அனுப்பாமல் வைத்திருந்தேன். கதையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேனா என்று எனக்கே சந்தேகம். நீ ஐந்து போட்டிருக்கிறாய் என்பதால் அனுப்புகிறேன்.

பதில் எப்போது வந்தாலும் சரி. உடம்பைப் பார்த்துக்கொள்.
ரெங்கானிஸ்


முஞ்சார், 18 நவம்பர்

அக்காவுக்கு, ஸலாம். நாங்கள் எல்லாரும் நலம். நீங்களும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். மாமி உங்களுக்கு ஸலாம் சொன்னாள், கண்ணாடி ஒன்று மலிவாகக் கிடைக்குமா என்றும் கேட்டாள். உங்கள் தங்கை லைலி. இதையெல்லாம் முன்னாலேயே எழுதிவிடுகிறேன், முடிந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்பதற்காக.

உங்கள் கடிதத்தைப் படித்துப் பத்து நாள் உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டேன். நாலு வரியை வெட்டினேன். அடுத்து என்ன என்று மட்டும் வரவில்லை. கடைசியில் அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் படித்தேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. பாதியிலேயே மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அம்மா தலை நிமிரவில்லை, மீன் கிள்ளிக்கொண்டே இருந்தாள். முடித்ததும், "அப்புறம்?" என்றாள்.

"தெரியலம்மா."

"எழுதுனவளுக்கே தெரியலயா?"

"தெரியல."

அதற்குப் பிறகு மூன்று வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் இரண்டு தட்டு உடைத்தேன். அக்டோபரில் ஒருநாள் கூடையைத் தலையில் தூக்கிவிடும்போது அம்மா கேட்டாள், "ஆயிரம் என்னைக்கு வருது?"

"நவம்பர் பதினாறு."

"எண்ணிக்கிட்டா இருந்த?"

"ஆமா."

"நானுந்தான்" என்றாள். கூடை என் தலையில் இருந்ததால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பதினாறுன்னா முந்துன நாள் சாயங்காலம் மஃரிபு தொழுகைக்கு அப்புறம் ஓதணும். பெரியப்பாகிட்ட நீயே போய்ச் சொல்லு. எனக்கு வாய் வராது."

எனக்கும் வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். போனேன். சொன்னேன்.

அன்று முழு நிலவு. அதனால் படகுகள் எல்லாம் கரையில். அறுபது பேருக்குச் சோறு பொட்டலம் கட்டியிருந்தோம், எழுபத்தொரு பேர் வந்துவிட்டார்கள். வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்பு. அப்பாவுடையது படியில் அதன் இடத்தில் இருந்தது, இடது வாரில் நைலான் நூலால் அவரே போட்ட தையலோடு. அதைத் தள்ளி வைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. யாசீன் ஓதினார்கள். அப்பாவின் பெயரை இமாம் மூன்று தடவை சொன்னார். அம்மா அடுப்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சொல்லச் சொல்ல ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினாள், ஆமாம், அவர்தான் என்பது போல.

எல்லாரும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போன பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். படியில் ஒரு ஜோடி இருந்தது. ஆனால் அப்பாவுடையது இல்லை. நீல ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்து ஓட்டை, ஒரு வாரை ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தது. கூட்டத்தில் யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே ஒவ்வொரு ஓதலுக்கும் இப்படி நடக்கும், மறுநாள் வீடு வீடாகச் செருப்பைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். அம்மா என் பின்னால் வந்து பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து அந்த ஊக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஊக்கு வேற குத்தியிருக்கான், கால்ல ஏறப்போவுது" என்று உள்ளே போய்விட்டாள்.

காலையில் வலை தைக்கும் மிஸ்னான் மாமா வந்தார். வெறுங்காலோடு. அப்பாவின் செருப்பை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதுவிடுவார் போல இருந்தது.

"சத்தியமா தெரியாம போட்டுட்டுப் போயிட்டேன் தாயி. பாதி வழியில, என்னடா இது, இன்னைக்கு நடக்கச் சொகமா இருக்கேன்னு நெனச்சேன். வீட்டுல போய்ப் பாத்தா நம்ம ஆளு தையல். ராத்திரி பூரா தூக்கமில்ல. உங்கம்மா மொகத்துல எப்படி முழிப்பேன்? இந்தா, நீயே வாங்கி வெச்சிரு."

நான் கையை நீட்டவில்லை. அவர் நீட்டிக்கொண்டே நின்றார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"லைலி" என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "அளவு சரியா இருக்கான்னு மாமாகிட்ட கேளு."

கேட்டேன்.